மினசோட்டா மாநிலக் கண்காட்சி: கையில் ஒரே நாள், மனைவிக்கு ஐந்தாம் மாதம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிசுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஆகஸ்டு இறுதியில் தொடங்கி, செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினம் வரை பன்னிரண்டு நாள் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்குப் போக விரும்புகிறோம். ஆனால் எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைப்பது ஒரே ஒரு நாள்தான். கண்காட்சித் திடல் 322 ஏக்கர் என்று படித்ததுமே மனைவிக்கு மலைப்பாகிவிட்டது. அவருக்கு இது ஐந்தாம் மாதம். வெண்ணெயில் செதுக்கும் தலைகளையும் விதைகளை ஒட்டிச் செய்யும் படங்களையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் மாடு கன்று உள்ள வீட்டில் வளர்ந்தவன். பசு ஈனும் இரவுகளில் அம்மாவுடன் தொழுவத்தில் விழித்திருந்ததும், விடிந்ததும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்ததும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆகவே, கால்நடைகள் ஈனுவதை நேரில் காட்டும் கொட்டகை அங்கே இருக்கிறது என்று அறிந்ததிலிருந்து எனக்கு அதன்மேல்தான் கண். இருவரும் சைவம். ஒரு நாளை எப்படிப் பங்கிடலாம் என்று போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

காரைத் திடலுக்கு அருகில் நிறுத்தலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நகரின் பல இடங்களில் காரை நிறுத்திவிட்டு இலவசப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். அது வாசலிலேயே இறக்கிவிடும். காலையிலேயே போய்விட்டால் வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முன்னால் பாதியைப் பார்த்துவிடலாம். 2019-இல் பன்னிரண்டு நாளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள் என்றால், சனிக்கிழமை மதியம் அங்கே கால் வைக்க இடமிருக்காது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, குச்சியில் செருகி விற்பது எதுவாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் முதல் ஆண்டில் பஜ்ஜி போலிருக்கிறதே என்று நான் ஆசையாகக் கடித்தது, மாவில் தோய்த்துப் பொரித்த இறைச்சி. சுட்ட சோளக்கதிரில் அந்தச் சிக்கல் இல்லை. தோலைப் பின்னால் உரித்துப் பிடித்துக்கொண்டு உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருவார்கள். பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளும் நன்றாக இருக்கும். ஆனால் சில பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு உறைய வைப்பதுண்டு. கண்டிப்பான சைவம் என்றால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

தம்பி, நான் ஓய்வுபெற்ற செவிலி. உங்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று வருத்தப்பட வேண்டாம். அந்த ஈனும் கொட்டகைக்கு உங்கள் மனைவியை அழைத்துப் போகாதீர்கள். ஆடு மாடுகள் ஈனும்போது வெளியேறும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கியூ காய்ச்சல் போன்ற நோய்களின் கிருமிகள் இருக்கக்கூடும். அவை காற்றில் கலந்து மூச்சின் வழியாகவும் உள்ளே போகும் என்பதால், தொடாமல் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கருவுக்கு அது ஆபத்து. பன்றிக் கொட்டகையும் வேண்டாம். பன்றிகளிடமிருந்து சளிக்காய்ச்சல் தொற்றலாம் என்பதால், கண்காட்சிகளில் கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே அறிவுறுத்துகிறது. நம் வீட்டுத் தொழுவத்தில் யார் இதையெல்லாம் பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். பார்க்காததால் நேர்ந்த இழப்புகளுக்கு அங்கே வேறு காரணம் சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான். நீங்கள் மட்டும் போவதானால் எதையும் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சட்டையையும் செருப்பையும் மாற்றிய பிறகு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பால் பண்ணைக் கட்டடத்தில் நேரம் செலவிடுங்கள். பால்வளத் தூதராகத் தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணும் இறுதிச் சுற்றுக்கு வந்த மற்றப் பெண்களும் நாளுக்கு ஒருவராக, மெல்லச் சுழலும் கண்ணாடிக் குளிர் அறைக்குள் கனத்த கோட்டு அணிந்து உட்கார்ந்திருக்க, ஏறத்தாழ 40 கிலோ வெண்ணெய்க் கட்டியில் அவர்களுடைய முகத்தைச் செதுக்குவார்கள். ஒரே சிற்பி 1972 முதல் 2021 வரை அந்த வேலையைச் செய்தார். ஒரு தலையை முடிக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். காலையில் காதில்லாமல் இருந்த கட்டி மாலையில் சிரித்துக்கொண்டிருக்கும்.

பதில் 3

தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1915 முதல் அங்கே ஒரு படகுச் சவாரி இருக்கிறது. இருண்ட கால்வாய்க்குள் படகு தானாக மெதுவாக நகரும், வேறொன்றுமில்லை. என் மனைவிக்கு அதில்தான் கால்வலி தீர்ந்தது. ஏறுவதற்கு முன் கர்ப்பிணிகளுக்கான அறிவிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

நேற்றுப் போய்வந்தோம். மூவருக்கும் நன்றி. விதைப் படங்கள் இருக்கும் வேளாண் கட்டடத்தில் மனைவி ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டார். மினசோட்டாவில் விளையும் பயிர்களின் விதைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதியாம். எந்தெந்த விதை என்று படத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றிலும் சிறிது ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு முதியவர் படத்தில் தாடை நிழல் முழுவதும் கசகசா. அதைப் பார்த்துவிட்டு, மார்கழிக் கோலத்துக்கு இவ்வளவு பொறுமை வேண்டியதில்லை என்றார்.

அவரை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மாற்றுச் சட்டையும் செருப்பும் பையில் இருக்க, நான் மட்டும் ஈனும் கொட்டகைக்குப் போனேன். பசுவுக்கு வலி கண்டிருந்தது. கன்றின் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் வெளியே தெரிந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது: பசிக்கிறது, சோளம் வேண்டும். போய்விட்டேன். கை கழுவி, சட்டை மாற்றி, வரிசையில் நின்று கதிர்கள் இரண்டை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, தாமதத்துக்குக் காரணம் கேட்டார், சொன்னேன். காளையா கிடாரியா என்று கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.