மியூஸ்ஸ்கோர்: முழு ஸ்கோரில் இருக்கும் குறிகள் டெனர் தாளில் இல்லை. உதவி தேவை

உவர்மலை பாடற்குழு
வணக்கம். திருகோணமலையில் ஒரு தேவாலயப் பாடற்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரிய வெள்ளிக்கான பாடல் ஒன்றைச் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களுக்கு மியூஸ்ஸ்கோர் 3.6 என்ற இசைக்குறி எழுதும் மென்பொருளில் எழுதியிருக்கிறேன். நான்கு குரலும் ஒன்றாக இருக்கும் முழு ஸ்கோரில் எல்லாக் குறிகளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. தனித்தாள்களாகப் பிரித்தால் டெனர் தாளின் 18ஆம் பாரில் (தாளக் கட்டத்தில்) உரக்கப் பாடச் சொல்லும் போர்ட்டே குறி இல்லை. சொப்ரானோ தாளிலோ நான் போடாத ஒரு போர்ட்டே, பாடல் வரிகளுக்கும் கீழே வெறும் வெளியில் தொங்குகிறது. 30ஆம் பாரில் மெதுவாகப் பாடுவதற்காக நான் எழுதிய "ஆறுதலாக" என்ற சொல்லும் சொப்ரானோ தாளில் மட்டுமே வருகிறது.

புதன் இரவுப் பயிற்சியில் டெனர்காரர் இருவரும் 18ஆம் பாரை மெல்லவே பாடினார்கள். மூன்று தடவை நிறுத்தி அவர்களைக் கடிந்துகொண்டேன். பிறகு தாளை வாங்கிப் பார்த்தேன். குறியே அதில் இல்லை. அன்று இரவு முழுவதும் மனம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டும்.

நிலாவெளி கீபோர்ட்
அக்கா, தவறுதலாக 'வி' விசை அழுத்தப்பட்டிருக்கலாம். அது தெரிவு செய்த குறியை மறைத்துவிடும். மறைந்த குறி திரையில் சாம்பல் நிறத்தில் தெரியும், அச்சில் வராது. டெனர் தாளில் சாம்பல் நிறத்தில் ஏதாவது இருக்கிறதா?

உவர்மலை பாடற்குழு
இல்லை தம்பி. மறைந்தவற்றைக் காட்டும்படி வைத்துத்தான் பார்த்தேன். அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர்
பிள்ளை, அந்தப் போர்ட்டேயை நீங்கள் முதலில் சொப்ரானோவில் போட்டுவிட்டு, மவுஸால் டெனர் வரைக்கும் இழுத்து வந்தீர்களா? சொப்ரானோ தாளில் தொங்குவதாகச் சொல்கிறீர்களே, அது அதே குறிதான் என்று நினைக்கிறேன்.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு குறியும் ஏதோ ஒரு சுரத்தில் கட்டப்பட்டிருக்கும். 3ஆம் பதிப்பில் மவுஸால் இழுத்தால் குறியின் படம்தான் நகரும், கட்டு நகராது. முழு ஸ்கோரில் அது டெனருக்கு அருகில் இருப்பதால் நம் கண் டெனருக்குரியது என்று எடுத்துக்கொள்கிறது. தாள்களைப் பிரிக்கும்போது அது கட்டப்பட்ட குரலோடுதான் போகும். குறியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு புள்ளிக்கோடு தெரியும். அது எந்தச் சுரத்தில் போய் முடிகிறதோ அதுதான் உண்மையான இடம்.

காதாலும் சோதிக்கலாம். மிக்ஸரில் டெனரை மட்டும் தனியாக ஒலிக்க விடுங்கள். 18ஆம் பாரில் சத்தம் உயராது. சொப்ரானோவை ஒலிக்க விட்டால் அதே பாரில் திடீரென்று உயரும். நான் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது.

சரிசெய்ய, குறியைத் தெரிவு செய்து கன்ட்ரோலும் ஆரும் அழுத்துங்கள். அது தன் சொந்த இடத்துக்குத் திரும்பும். பிறகு கன்ட்ரோல் எக்ஸால் வெட்டி, டெனரின் சரியான சுரத்தைத் தெரிவு செய்து, கன்ட்ரோல் வியால் ஒட்டுங்கள். இதை முழு ஸ்கோரில் செய்தால் தனித்தாள்களும் தாமாக மாறும்.

"ஆறுதலாக" வேறு கதை. கன்ட்ரோல் டி (T) அழுத்தி எழுதினீர்கள் போலும். அது ஒரு ஸ்டாஃபுக்கு, அதாவது ஒரு குரலின் ஐந்து கோட்டு வரிசைக்கு, மட்டுமான எழுத்து. நான்கு குரலுக்கும் வரவேண்டியதை ஷிஃப்டையும் சேர்த்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் டி அழுத்தி எழுத வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். பக்கப்பெட்டியில் பாணியை மட்டும் மாற்றினால் தோற்றம் மாறும், தாள்களில் வராது.

உவர்மலை பாடற்குழு
ரீச்சர், நீங்கள் சொன்னபடியே இழுத்துத்தான் வைத்தேன். புள்ளிக்கோடு நேரே சொப்ரானோவுக்கு ஓடுகிறது! முழுப் பாடலையும் பார்த்தேன், இப்படி ஏழு குறிகள். ஏழையும் வெட்டி ஒட்டிவிட்டேன். டெனர் தாளில் போர்ட்டே வந்துவிட்டது. "ஆறுதலாக" நான்கு தாளிலும் வருகிறது.

இன்னும் இரண்டு இருக்கின்றன. 24ஆம் பாரில் தொடங்கும் கிரெசெண்டோ (சத்தத்தைப் படிப்படியாக உயர்த்தச் சொல்லும் நீள்குறி), பேஸ் தாளில் ஒரு பார் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அடுத்தது, தேவாலய அலுவலகக் கணினியில் கோப்பைத் திறந்தால் "ஆறுதலாக" இருக்கும் இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வருகின்றன.

ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர்
கிரெசெண்டோவின் முனையையும் மவுஸால் நீட்டியிருப்பீர்கள். அப்படி நீட்டினால் படம்தான் நீளும், முனையின் கட்டு பழைய சுரத்திலேயே நிற்கும். அதனால்தான் தனித்தாளில் முன்னதாக முடிகிறது. முனையைத் தெரிவு செய்து, ஷிஃப்டுடன் வலது அம்பு விசையை அழுத்துங்கள். கட்டே அடுத்த சுரத்துக்கு நகரும்.

மட்டக்களப்பு வயலின்
ஆங்கில எழுத்துகள் வருவதற்குக் காரணம் பாமினி. நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள், அலுவலகக் கணினியில் அது இல்லை. பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் திரும்ப எழுதுங்கள், பாடல் வரிகளையும் சேர்த்து. நேரம் இல்லை என்றால் உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அதை அச்சடியுங்கள். எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே போய்விடும்.

உவர்மலை பாடற்குழு
பாமினிதான்! பாடல் வரிகளை முன்பே யூனிகோடில் எழுதியிருந்தேன், இந்த ஒரு சொல் மட்டும் பழைய கோப்பிலிருந்து வந்தது. மாற்றிவிட்டேன். கிரெசெண்டோவும் 26ஆம் பார் வரை சரியாக நிற்கிறது. மூவருக்கும் நன்றி. நாளை மாலை நான்கு தாள்களையும் புதிதாக அச்சடிக்கிறேன். டெனர்காரர் இருவரிடமும் தாளைக் கொடுக்கும் முன்பே மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.