சின்ன உப்புநீர்த் தொட்டி: எந்த மீன் ஒத்துப்போனது, எது அடாவடி செய்தது? (தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து மீன் வளர்ப்போரின் கேள்வி-பதில்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர்)

சாட்ஸ்வர்த், டர்பன்

வீட்டில் 90 லிட்டர் தொட்டி தயார். தண்ணீரில் மீனுக்கு ஆகாத அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. இனி மீன்தான். நீல டாங் வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். கடைக்காரரோ டாமினோ டாம்சலைக் காட்டி, "இது சாகவே சாகாது, முதலில் இதை விடுங்கள்" என்கிறார். வளர்த்துப் பார்த்தவர்கள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்

தம்பி, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. டாமினோ சாகாது, மற்றதைச் சாகடிக்கும். என் மச்சான் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வரும்போது அது கட்டைவிரல் நக அளவுதான். கறுப்பு உடம்பு, நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று வெள்ளைப் பொட்டு. வந்தவர் எல்லாம் கொஞ்சினார்கள். கொஞ்ச நாளில் பாறைக்கு அடியில் இருந்த பொந்து அதற்குச் சொந்தமாகிவிட்டது. அப்புறம் பாதித் தொட்டி, அப்புறம் முழுத் தொட்டி. புதிதாக விட்ட கார்டினல் மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கியே கிடந்து, தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. மச்சான் கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் விரலிடுக்கில் வந்து கடிக்கும்! கடைசியில் பாறைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்த பிறகுதான் வலையில் சிக்கியது. வளர்ந்தால் அது 12 செ.மீ.க்கு மேல் போகும்.

கடலில் ஒன்று துரத்தினால் இன்னொன்று அடுத்த பாறைக்குப் போய்விடும். 90 லிட்டரில் எங்கே போகும்? அதனால் முதலில் குணத்தைப் பாருங்கள், அடுத்து முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள், நிறம் எல்லாம் அப்புறம். சாதுவானதை முதலில் விட்டு, கொஞ்சம் முறைக்கிற ஜாதியைக் கடைசியில் விட வேண்டும். நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன். மகளை உஷாகா கடல் காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரிய தொட்டிகளைக் காட்டுங்கள், அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள்.

என் தொட்டியில் பண்ணையில் பிறந்த ஆசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று பார்த்து வாங்கினேன். இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், அதிகாரம் செய்வது பிறகு பெண்ணாகும். ஒரே அளவில் வாங்கினால் யார் பெரியவர் என்று முடிவாகும்வரை சண்டை. கடலில் இவை ஒண்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலே நன்றாக இருக்கின்றன, அதைக் கட்டாயம் வாங்கச் சொன்னால் நம்பாதீர்கள்.

கூடவே மஞ்சள் காவல் கோபி மீன் ஒன்றும், பிஸ்டல் இறால் ஒன்றும். இந்தக் கூட்டணியைப் பார்க்கத்தான் நான் சோபாவையே திருப்பிப் போட்டேன். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வளையை விட்டு வரும்போது, ஒரு மீசை எப்போதும் கோபியின் உடம்பைத் தொட்டபடி இருக்கும். யாராவது சட்டென்று குனிந்தால் கோபி வாலைச் சிலிர்க்கும், அடுத்த நொடி இரண்டும் உள்ளே. ஒன்று சொல்ல வேண்டும்: பாறையை மணல்மேல் வைக்காதீர்கள். தொட்டியின் தரைமேலேயே உட்கார வைத்துவிட்டு மணலைப் போடுங்கள், இல்லையென்றால் இறால் தோண்டுகிற தோண்டலில் சரிந்துவிடும்.

இசிப்பிங்கோ

எங்கள் பக்கத்துப் பாறைக்குட்டைகளில் கோடைகாலத்தில் குஞ்சு மீன்கள் வண்ணவண்ணமாக நிற்கும். அகுல்யாஸ் நீரோட்டம் வடக்கேயிருந்து கொண்டுவந்து விடுபவை. என் தம்பி மகன் அதில் ஒரு வரிமீனை, சார்ஜன்ட் மேஜரைத்தான், வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டான். அனுமதிச் சீட்டு விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மீன் 20 செ.மீ. தொடும், டாமினோவுக்கே அண்ணன். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தோம்.

டொங்காட்

அக்கா என்ற உரிமையில் இரண்டு வார்த்தை. மாண்டரின் மீனைக் கடையில் பார்த்தால் மனசு கேட்காது. ஆனால் அது பாறையில் ஊர்கிற பொடிப்பொடி உயிரினங்களைக் கொத்தித்தான் பிழைக்கும். புதிய சின்னத் தொட்டியில் அவை சீக்கிரம் தீர்ந்துபோகும், மீன் பட்டினியில் இளைத்துவிடும். ஃபயர்ஃபிஷ் நல்ல சாது, 90 லிட்டருக்குப் பொருந்தும். ஆனால் மிரண்டால் குதிக்கும். பக்கத்து வீட்டில் ஹீட்டர் வயர் போகிற இடைவெளி வழியாகவே வெளியே பாய்ந்துவிட்டது. வலை மூடி போடாமல் வாங்காதீர்கள்.

மீன் குறைவாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. 2023இல் லோட் ஷெட்டிங் மின்வெட்டு மணிக்கணக்கில் போனபோது, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும், தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளியும் என்று சமாளித்தோம். அன்றைக்கு என் தொட்டியில் இருந்தவை மூன்றே மூன்று சின்ன மீன்கள். ஏழெட்டு இருந்திருந்தால் மூச்சுத் திணறியிருக்கும்.

சாட்ஸ்வர்த், டர்பன்

அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. சரி, கோமாளி ஜோடியும் கோபியும் என்று மகளிடம் பேசி முடித்தாயிற்று, இறால் கதையைக் கேட்டதும் டாங்கை மறந்துவிட்டாள். தண்ணீரைக் கடற்கரையிலிருந்தே எடுக்கலாமா?

ஃபீனிக்ஸ்

வேண்டாம் தம்பி. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடை கலந்து எத்தனை கடற்கரையை மூடினார்கள், நினைவிருக்கும். மழை பெய்தால் உம்கேனி ஆற்று முகத்துவாரம் பக்கம் இன்றும் கடல் பழுப்புதான். உப்பு வாங்கி, ஆர்ஓ தண்ணீரில் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025 வரும்வரை கலக்குங்கள். ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது.