வெல்டிங்ல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), எம்எஸ் (சாதா இரும்பு) ரெண்டுக்கும் ஒரே கேஸ் சிலிண்டர் போதுமா? அவசரம்

ஒத்தியூர்_ஷெட்:
எஸ்எஸ் அடிச்சா பீடு (வெல்டு வரி) கரிக்கட்டை மாதிரி வருது, நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு. எம்எஸ் பரவால்ல. எந்த கேஸ் போடணும்? ரெண்டுக்கும் ஒரே சிலிண்டர்ல முடியணும், இடமில்ல. நாளைக்கு வேலை குடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

மணலி_பைப்லைன்:
மிக்கா (ஒயர் தானா ஓடி உருகுறது), டிக்கா (டங்ஸ்டன் ஊசியில ஆர்க், கம்பியைக் கையால விடறது)? இப்ப ஓடுறது என்ன கேஸ்? ஒயர் என்ன கிரேடு, எத்தனை மி.மீ.? ஷீட்டா, பைப்பா, கனம் எவ்ளோ? ஒண்ணும் சொல்லாம அவசரம்னா எப்படி தல?

வியாசை_ஆர்க்:
டிக் வாங்கு, சுத்த ஆர்கான் போடு. அதே சிலிண்டர்ல எம்எஸ்ஸும் அடிக்கலாம். நிமிஷத்துக்கு 8 லிட்டர் போதும். மேட்டர் முடிஞ்சுது.

மணலி_பைப்லைன்:
@வியாசை டிக்குக்கு நீங்க சொல்றது சரி. அவர்கிட்ட இருக்கறது மிக்னா? சுத்த ஆர்கான்ல எம்எஸ் மிக் அடிச்சா ஆர்க் அலையும், பீடு பரவாம குவிஞ்சு நிக்கும், ஓரத்துல அண்டர்கட் (பள்ளம்) விழும்.

பழைய_ஹோல்டர்:
இதே கேள்வி மாசத்துக்கு ஒருக்கா வருது. தேடிப் பார்க்கற பழக்கம் யாருக்கும் கிடையாது. சரி, கடைசியா ஒரு தடவை சொல்றேன்.

மிக்ல எம்எஸ்ஸுக்கு சிஓ2 போதும். ஸ்பேட்டர் (தெறிப்பு) குறையணும்னா ஆர்கான் 80, சிஓ2 20 கலவை. எஸ்எஸ்ஸுக்கு ஆர்கான் 98, சிஓ2 2. சிஓ2க்கு பதில் 1, 2 சதவீதம் ஆக்சிஜன் கலந்ததும் உண்டு, ஆனா அது கனமான பிளேட்ல ஸ்ப்ரே (உலோகம் பொடித் துளியா பாயற முறை) அடிக்கறவங்களுக்கு.

ஏன்னு கேப்பீங்க. ஆர்க் சூட்டுல சிஓ2 உடையும். அதுல வர்ற ஆக்சிஜன் குரோமியத்தை எரிக்கும், பீடு கருக்கறது அதனால. கார்பன் உருகின உலோகத்துல ஏறும். 308 எல்ங்கற எஸ்எஸ் ஒயர்ல கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செய்யறான், நீங்க கேஸ் வழியா ஏத்தி விடறீங்க. 450லேருந்து 850 டிகிரிக்குள்ள அந்தக் கார்பன் குரோமியத்தோட சேர்ந்து உலோகத்தோட நுண்மணிகள் (கிரெயின்) ஓரத்துல ஒதுங்கிடும். பக்கத்துல குரோமியம் வத்திப் போகும், துரு அங்கதான் முதல்ல பிடிக்கும். 80/20லயும் இதே கதைதான், கொஞ்சம் கம்மி.

ஒத்தியூர்_ஷெட்:
மிக் தான். சிங்கிள் ஃபேஸ். சிஓ2 ஓடுது. ஒயர் 0.8, எஸ்எஸ்னு சொல்லிக் குடுத்தாங்க. ரெயிலிங் பைப் 1.5 மி.மீ. கனம், 304 கிரேடு எஸ்எஸ். அடியில எம்எஸ் பிளேட். காலைல ஓட்டை வரல, மதியத்துக்கு மேலதான் வருது. முன்னாடி இதே மெஷின்ல கேஸ் இல்லாத ஒயர் (உள்ள ஃப்ளக்ஸ் பொடி அடைச்சது) ஓட்டினேன்.

காசிமேடு_போட்:
மதியத்துக்கு மேலன்னாலே கடல்காத்து அண்ணே. கேஸை மாத்தினாலும் இந்த ஓட்டை போகாது. நாசில்ல (டார்ச் முனையில) நிமிஷத்துக்கு 12லேருந்து 15 லிட்டர் வருதான்னு பாருங்க, ரெகுலேட்டர் முள்ளை நம்பாதீங்க. காத்து அடிக்குதுன்னு 25க்கு ஏத்தினா கேஸ் சுழண்டு வெளிக்காத்தையும் உள்ள இழுத்துக்கும், ஓட்டை இன்னும் கூடும். கிழக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டுங்க, எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். எஸ்எஸ் புகை நெஞ்சுக்கு நல்லதில்ல. நாசில்ல ஸ்பேட்டர் அடைச்சிருக்கா, ஹோஸ்ல லீக் இருக்கான்னு சோப்பு நுரை வச்சுப் பாருங்க.

மணலி_பைப்லைன்:
கேஸ் இல்லாத ஒயருக்கு டார்ச் மைனஸ்ல இருந்திருக்கும். சாலிட் ஒயருக்கு டார்ச் பிளஸ், எர்த் மைனஸ். மாத்தினீங்களா?

பைப்பும் பைப்பும் சேர்க்க 308 எல். பைப்பை எம்எஸ் பிளேட்ல உக்கார வைக்க 309 எல். 308 எல் போட்டா எம்எஸ் கலந்து குரோமியமும் நிக்கலும் நீர்த்துப் போய் ஜாயின்ட் விரிசல் விடும். ஸ்பூல் லேபிள்ல என்ன போட்டிருக்கு?

கொருக்குப்பேட்டை_கோர்:
ஒரே சிலிண்டர்தானே வேணும்? 308 எல் ஃப்ளக்ஸ் கோர் ஒயர் (ஃப்ளக்ஸ் அடைச்சது, ஆனா கேஸோட ஓடறது) போடுங்க, இருக்கற சிஓ2வே போதும். ஸ்லாக் (கசடு) பீடை மூடிக்கும், கார்பன் பயமும் இல்ல. லேபிள்ல கடைசியில டி1-1னா சிஓ2, டி1-4னா கலவை.

மணலி_பைப்லைன்:
கனமான வேலைக்கு நல்ல யோசனை. ஆனா கடையில அதிகம் கிடைக்கறது 1.2 ஒயர். 1.5 கனப் பைப்ல வச்சா பொத்துக்கும், சிங்கிள் ஃபேஸ் மெஷினும் திணறும்.

வியாசை_ஆர்க்:
அதுக்குத்தான் டிக்னு சொன்னேன்.

ராயபுரம்_கேட்:
அது 304தானான்னு முதல்ல பாருங்கப்பா. பாதிப் பேர் 202ங்கற வேற கிரேடை 304னு சொல்லித்தான் தள்றான். காந்தம் வச்சாத் தெரிஞ்சுடும்.

பழைய_ஹோல்டர்:
காந்தமா! 202வும் ஒட்டாது, 304ம் ஒட்டாது. பைப்பா வளைச்ச 304 லேசா இழுக்கவும் செய்யும். 9 வோல்ட் பேட்டரியோட வர்ற சொட்டு மருந்து கிட் வாங்குங்க. சிவந்தா மாங்கனீஸ் அதிகம், 200 சீரிஸ்.

ராயபுரம்_கேட்:
கிட் எல்லாம் யார் வச்சிருக்கா? இங்க 304 போட்டாலே மழைக்கு முன்னாடி பழுப்புக் கறை வந்துடுது. கடலைப் பார்த்த வீடுன்னா 316தான்.

காசிமேடு_போட்:
316லயும் வரும். எம்எஸ் அறுத்த வீல்லயே எஸ்எஸ்ஸை அறுத்து, எம்எஸ் தேய்ச்ச பிரஷ்லயே தேய்ச்சா இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு அதுதான் துருப்பிடிக்கும். பழி மட்டும் 304 மேல. வீல், பிரஷ், லைனர் (டார்ச்சுக்குள்ள ஒயர் ஓடற குழாய்) மூணும் எஸ்எஸ்ஸுக்குத் தனியா வைக்கணும். பீடு மேல பிக்ளிங் பேஸ்ட் (கருப்பை எடுக்கற ஆசிட் பேஸ்ட்) தடவி, கையுறை போட்டுக்கிட்டு, நல்லா தண்ணி விட்டுக் கழுவணும்.

ராயபுரம்_கேட்:
316ஐயும் 304ஐயும் ஒண்ணுன்னு சொல்ல வர்றீங்களா? அதுல 2 சதவீதம் மாலிப்டினம் எதுக்குப் போடறான்?

காசிமேடு_போட்:
ஒண்ணுன்னு எங்க சொன்னேன்?

மணலி_பைப்லைன்:
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கோங்க. @ஒத்தியூர் 98/2 எடுத்தா சிஓ2 ரெகுலேட்டரை அதுல மாட்டாதீங்க. சிஓ2 சிலிண்டர்ல அழுத்தம் 60 பார் பக்கம், ஆர்கான் கலவையில நிறைச்சா 150 பார். ஆர்கான் ரெகுலேட்டர் தனியா வேணும். வோல்ட் 2, 3 குறைக்கணும். 17ல ஆரம்பிச்சு, துண்டுப் பைப்ல அடிச்சுப் பார்த்துட்டு வேலையில கை வைங்க. அதே 98/2ல மெல்லிசு எம்எஸ் ஒட்டும், ஆனா பீடு குவியும். 3 மி.மீ.க்கு மேல நம்பாதீங்க. மிக்ல ரெண்டையும் ஒழுங்கா அடிக்க ரெண்டு சிலிண்டர் வேணும், வேற வழி இல்ல.

ஒத்தியூர்_ஷெட்:
டார்ச் மைனஸ்லதான் இருந்துச்சு. மாத்திட்டேன். 98/2 சின்ன சிலிண்டர் எடுத்தேன், தார்ப்பாயும் கட்டியாச்சு. ஓட்டை இல்ல, பீடு வைக்கோல் கலர்ல வருது. வேலை குடுத்துட்டேன். நன்றி.

மணலி_பைப்லைன்:
பிளேட்டுக்கு என்ன ஒயர் போட்டீங்க? லேபிள் பார்த்தீங்களா?

ராயபுரம்_கேட்:
பைப் 304தானான்னும் சொல்லவே இல்ல.

மணலி_பைப்லைன்:
@ஒத்தியூர்?