நேந்திரங்காய் சீவும் மெஷின்: சின்னக் கடைக்காரர்களுக்கு என்ன வேண்டும்?

லேத்பட்டறை, கோவை:
கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேனுங்க. ஹோட்டல்களுக்குக் காய்கறி நறுக்கும் மெஷின் செய்து பழக்கம். இப்போது நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர்களுக்காக ஒன்று வரைந்திருக்கிறேன். 1 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார், 4 பிளேடு வைத்த வட்டு, மணிக்கு 200 கிலோ. பார்த்தவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு என்கிறார்கள், அட்வான்ஸ் கொடுக்கத்தான் ஆள் இல்லை. விலை இடிக்கிறதா, வேறு எதுவுமா?

சிப்ஸ்கடை, நாகர்கோவில்:
தம்பி, 200 கிலோவைச் சீவி எங்கே கொண்டு வைக்க? எங்கள் கடையில் ரெண்டு சட்டி. ஒரு ஈடு வெந்து அள்ளினால்தான் அடுத்த ஈடு. சீவின காய் காத்துக் கிடந்தால் கறுக்கும், ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். தண்ணீரில் போட்டு வைக்கலாம், ஆனால் அந்த ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கும். அதனால்தான் சட்டிக்கு மேலேயே சீவுகட்டையைப் பிடித்துச் சீவுகிறோம். வில்லை தனித்தனியாக விழும், விழுந்த உடனே மேல்பக்கம் இறுகிவிடும், ஒட்டாது.

மெஷினும் அப்படித்தான் வேண்டும். வில்லை வரும் வாய் சட்டிக்கு மேலே, மோட்டார் எண்ணெய் ஆவி படாமல் தள்ளி. காலால் மிதித்தால் ஓடணும், எடுத்தால் நிற்கணும். வேகம் சட்டி கேட்கிற வேகம், அவ்வளவுதான்.

அப்புறம் மெஷினில் காயைப் போடுகிற குழாய். நேந்திரன் வளைந்த காய். குழாய்க்குள் ஆடினால் வில்லை ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் தாள் மாதிரியும் வரும். தாள் பக்கம் சிவந்து போகும்போது தடிப்பக்கம் வெந்திருக்காது. சிறுசு, பெருசு என்று ரெண்டு குழாய் கொடுங்கள், மாற்றிக்கொள்கிறோம். காய் படுகிற இடத்தில் சாதா இரும்பு கூடவே கூடாது, காயின் துவர்ப்பு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். பிளேடைக் கையால் திருகிக் கழற்றும்படி விங் நட் போடுங்கள். ஆலன் கீ போட்டுக் கழற்றுகிற போல்ட் என்றால், அந்தச் சாவி தொலைந்த அன்றைக்கே மெஷின் மூலைக்குப் போய்விடும்! த்ரீ ஃபேஸ் லைன் எங்கள் தெருவிலேயே பாதிக் கடைக்குக் கிடையாது.

மரவள்ளி அக்கா, சேலம்:
அண்ணா சொன்னது சரி. நாங்கள் வீட்டிலேயே மரவள்ளி சிப்ஸ் போடுகிறோம், ரெண்டு பெண்கள் தூக்கி நகர்த்துகிற எடையில் மெஷின் இருந்தால்தான் ஆகும். கடைசித் துண்டை விரலால் தள்ளுகிற அமைப்பு வேண்டவே வேண்டாம், தள்ளுகட்டையைக் கழற்ற முடியாதபடி செய்யுங்கள். மிஞ்சுகிற துண்டு பொரியலுக்கு ஆகும். மரவள்ளியில் நடுவில் நார் ஓடும், பிளேடு சீக்கிரம் மழுங்கும். கூடவே இன்னொரு செட் கொடுத்தால் விலை கொஞ்சம் ஏறினாலும் வாங்குவோம்.

இன்னொன்று. சின்ன உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீத மானியம் என்று வைத்தார்கள், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். அதற்கு ஒழுங்கான கொட்டேஷன் கேட்பார்கள். துண்டுச்சீட்டில் எழுதித் தருகிற பட்டறைக்கு நாங்கள் போகவே முடியாது.

லேத்பட்டறை, கோவை:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பிளேடை 2 ஆக்கி, சிங்கிள் ஃபேஸில், வேகத்தைக் குறைத்து மறுபடி வரைகிறேன். அண்ணே, சட்டி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

சிப்ஸ்கடை, நாகர்கோவில்:
என் அடுப்பை அளந்து செய்துவிடாதீர்கள் தம்பி. ஒவ்வொரு கடையிலும் ஒரு உயரம், சிலர் அடுப்பைத் தரையில் பதித்திருப்பார்கள். மெஷினின் கால்களை ஏற்றி இறக்கும்படி வையுங்கள். முதல் மெஷினை இங்கே கொண்டுவாருங்கள், ஓணத்துக்கு முந்தின வாரம் வேண்டாம், அப்போது பேசக்கூட நேரம் இருக்காது.