நூறு மீட்டர் பிடிக்குமாம்! கோயில் கொடைத் திருவிழாவுக்கு எந்த வயர்லெஸ் மைக்?

வடசேரி மைக்செட்:
கொடைக் கமிட்டிகள் இருக்கும் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பி எழுதியதைப் பார்த்தேன். "யுஹெச்எஃப் மைக் (சில நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடுவது) எல்லாம் பழைய காலம். 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் மைக் ஒரு ஜோடி வாங்குங்கள். நூறு மீட்டர் பிடிக்கும். மைக்செட்காரரிடம் கெஞ்ச வேண்டாம்." கெஞ்ச வேண்டாம் என்றதை விட்டுவிடுகிறேன். அந்த நூறு மீட்டரை எங்கே வைத்து அளந்தீர்கள்? கோயில் முற்றத்திலா, அட்டைப்பெட்டியிலா? கொடை ராத்திரி, கூட்டத்துக்கு நடுவில், 2.4 மைக் முப்பது மீட்டர் ஒழுங்காகத் தாண்டினால் நான் தொழிலையே விட்டுவிடுகிறேன்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
அந்த ஒரு தம்பி நான்தான் அண்ணாச்சி, நேராகவே திட்டலாம். நூறு மீட்டர் பிடித்தது. பள்ளி மைதானத்தில் ஒரு கோல்போஸ்டுக்குப் பக்கத்தில் ரிசீவரை, அதாவது மைக்கின் அலையைப் பிடிக்கிற பெட்டியை, வைத்துவிட்டு, எதிர் கோல்போஸ்ட் வரைக்கும் பாடிக்கொண்டே நடந்தோம். ஓர் எழுத்துகூட விடவில்லை. வீடியோ இருக்கிறது.

வடசேரி மைக்செட்:
மைதானத்தில் யார் இருந்தார்கள்? நீங்கள், மைக், மேய்ந்துகொண்டிருந்த ரெண்டு ஆடு. அங்கே எந்த மைக்கும் பிடிக்கும். மனுஷ உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். ஆயிரம் பேர் எழுந்து நின்று ஆடும்போது அது சுவர். அந்த ஆயிரம் பேர் சட்டைப்பையிலும் போன். புளூடூத் முழுக்கவும், வைஃபை, ஹாட்ஸ்பாட்டில் நிறையவும் ஓடுவது உங்கள் மைக் ஓடுகிற அதே 2400-க்கும் 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில்தான். சாயங்காலம் நாலு மணிக்கு சவுண்டு செக் செய்யும்போது கூட்டம் இருக்காது, எல்லாம் அருமையாக இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் மைக் யார் என்று காட்டும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 600 மெகாஹெர்ட்ஸுக்கு 2400 நாலு மடங்கு. ஒரே தூரம், ஒரே சக்தி, ஒரே மாதிரி ஆன்டெனா என்றால் 2400-ல் வந்து சேர்வது 12 டெசிபல் குறைவு, அதாவது பதினாறில் ஒரு பங்குதான். இதை அட்டைப்பெட்டியில் போட மாட்டார்கள்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
கூட்டம் ஏன் நடுவில் வருகிறது? ரிசீவரை மேடையிலேயே வைத்து, அங்கிருந்து கேபிளில், சத்தத்தைக் கலக்கிச் சரிசெய்கிற மிக்ஸருக்குக் கொண்டுபோனால் பாடகருக்கும் ரிசீவருக்கும் நடுவே ஆளே இல்லை. பாடகருக்கு எட்டு மீட்டர்கூட வராது. ரிசீவரை மிக்ஸர் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு அலைவரிசையைக் குறை சொல்வது உங்கள் காலத்துப் பழக்கம்.

வடசேரி மைக்செட்:
எட்டு மீட்டர்தான் என்றால் நூறு மீட்டர் எதற்கு மக்கா?

குளச்சல் கொயர்:
ஒரு சந்தேகம். நூறு மீட்டர் என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்வது வெட்டவெளியில், தடை இல்லாமலா? கூட்டத்தோடா? முதலில் அதைச் சொல்லிக்கொண்டு பேசலாமே.

வடசேரி மைக்செட்:
நூறு மீட்டர் என்றால் நூறு மீட்டர்தான் அக்கா. அவர் எழுதியதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
நிரூபித்தாயிற்று. வீடியோ இருக்கிறது.

வில்லு வீட்டுப் பிள்ளை:
எனக்கு ஒன்று புரியவில்லை. வில்லுப்பாட்டுக்கு எதற்கு வயர்லெஸ்? புலவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை, இரண்டு கையிலும் வில்லைத் தட்டுகிற வீசுகோல். முன்னால் ஒரு ஸ்டாண்டு மைக், குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று. வயர் போட்டால் முடிந்தது. சுடலைமாடன் கதையில் அருள் வருகிற இடத்தில் மைக் கட் ஆனால் கமிட்டிக்காரர் உங்களிடம் அலைவரிசை கேட்க மாட்டார், வேறு மாதிரி கேட்பார்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
வில்லைப் பற்றி யார் பேசினார்கள்? நான் கானமேளாவுக்கு, மேடைப் பாட்டுக் கச்சேரிக்குச் சொன்னேன். பாடகர் மேடையை விட்டு இறங்கி ஜனத்தோடு கைகுலுக்கிப் பாட வேண்டும். இது கானமேளா ஓடுகிற காலம்.

வில்லு வீட்டுப் பிள்ளை:
ராத்திரி முழுக்கக் கதை கேட்கிற ஜனம் இன்னும் இருக்கிறது தம்பி. கைகுலுக்கிப் பாடினால்தான் பாட்டா? கொடைக்கு வில்லு வைக்காமல் கானமேளா மட்டும் வைத்த ஊரில் கமிட்டியே இரண்டாக உடைந்தது எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

மார்த்தாண்டம் கீபோர்டு:
எந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அது கானமேளாவால் உடையவில்லை, கணக்கு வாசித்ததால் உடைந்தது.

வடசேரி மைக்செட்:
அதெல்லாம் பிறகு. இறங்கிப் பாடுவார் என்று நீங்களே இப்போது சொல்லிவிட்டீர்கள். கூட்டத்துக்குள் இறங்கிய பிறகு ரிசீவர் மேடையில் இருந்தால் என்ன, மிக்ஸரில் இருந்தால் என்ன? நடுவில் ஜனம்தான். இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நூறு மீட்டர் பிடிக்கிற மைக் இருபது மீட்டரில் ஏன் விக்கியது என்று உங்கள் பாடகரிடம் கேளுங்கள். போன பங்குனியில் நானும் கூட்டத்தில்தான் நின்றேன்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
விக்கியது உங்கள் மைக்செட் ஆள் ரிசீவரை எல்இடி திரைக்குப் பின்னால் தூக்கி வைத்ததால். எல்இடி சுவர் எவ்வளவு ரேடியோ இரைச்சல் கக்கும் என்று ஒரு தொழில்காரருக்குத் தெரிய வேண்டாமா?

வடசேரி மைக்செட்:
அது என் ஆள் இல்லை. என் ஆட்கள் எல்இடி பக்கமே போக மாட்டார்கள்.

தக்கலை எலக்ட்ரானிக்ஸ்:
அண்ணாச்சி, யுஹெச்எஃப் என்று பொத்தாம்பொதுவாகப் புகழாதீர்கள். எந்த யுஹெச்எஃப்? 700-ல் ஓடுகிற பழைய செட் நம் மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. 2022 ஏலத்தில் ஜியோ 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியது. போனிலிருந்து டவருக்கு 703 முதல் 748, டவரிலிருந்து போனுக்கு 758 முதல் 803. அந்த இடத்தில் மைக் வைத்தால் பக்கத்தில் நிற்பவரின் 5ஜி போனே உங்கள் பாட்டில் புகுந்துவிடும். வாங்குபவர்கள் பெட்டியில் எழுதியிருக்கிற அலைவரிசையைப் படித்துவிட்டு வாங்குங்கள், முடிந்தவரை 700-க்குக் கீழே.

மார்த்தாண்டம் கீபோர்டு:
இதை அண்ணாச்சியிடம் கேளுங்கள். அவர் செட் எந்த அலைவரிசை? ஒரு தடவை பக்கத்தில் நின்று டிஸ்பிளேயைப் பார்த்தேன், ஏழில் ஆரம்பிக்கிற நம்பர்.

வடசேரி மைக்செட்:
நான் எந்த நம்பரில் வேண்டுமானாலும் ஓட்டுவேன். இருபது வருஷமாக ஓட்டுகிறேன். என் மைக் நின்றதாக ஒரு ஊர்க்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு நூறு மீட்டரைப் பற்றி. அதை விட்டுவிட்டு என் டிஸ்பிளேக்கு வராதீர்கள்.

குளச்சல் கொயர்:
எங்கள் சர்ச் கொயருக்குத் தேர்ப்பவனிதான் பெரிய வேலை. டெம்போவில் ஸ்பீக்கர், ஜெனரேட்டர், ரிசீவர் எல்லாம் இருக்கும். நாங்கள் பின்னால் நடந்து பாடுவோம். பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆனால் அந்தப் பதினைந்து மீட்டருக்குள் குடை, மெழுகுவர்த்தி, பிள்ளைகளைத் தோளில் தூக்கியவர்கள் என்று நெருக்கிக்கொண்டு வருவார்கள். ரிசீவர் டெம்போவுக்குள் இரும்புத் தகட்டுக்கு நடுவே இருந்தவரை விட்டு விட்டுத்தான் வந்தது. ஆன்டெனாவைத் தலைக்கு மேலே, கூரைக்கு வெளியே உயர்த்திக் கட்டிய பிறகு நின்றுவிட்டது. இரண்டு ஆன்டெனாவையும் வி மாதிரி விரித்து வையுங்கள். மைக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஏதாவது ஒன்று பிடிக்கும்.

இன்னொன்று, பாடுகிறவர்களுக்கு. கையை மைக்கின் வலைத்தலையில் பொத்திப் பிடிக்காதீர்கள். சினிமாவில் பார்த்துவிட்டு எல்லாப் பையன்களும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். பின்னால் வருகிற சத்தத்தைத் தள்ளுவதற்காக விட்டிருக்கிற வழியை நீங்களே அடைத்துவிட்டால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும், பாடகர் கேட்பதற்கு மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் கூவும். அப்புறம் மைக்செட்காரர் மேல் பழி. அடியையும் பொத்தாதீர்கள், நிறைய கை மைக்குகளில் ஆன்டெனா அடிப்பக்கம்தான் இருக்கிறது.

வடசேரி மைக்செட்:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. பாருங்கள், பதினைந்து மீட்டரிலேயே விட்டு விட்டு வந்தது! நூறு மீட்டராம்.

குளச்சல் கொயர்:
எங்களுடையது யுஹெச்எஃப் அண்ணாச்சி.

மார்த்தாண்டம் கீபோர்டு:
ஹா ஹா ஹா.

வடசேரி மைக்செட்:
டெம்போ டிரைவர் தப்பு அது. நல்ல யுஹெச்எஃப் வேறு, சந்தையில் கிடைக்கிற யுஹெச்எஃப் வேறு. இரண்டு ஆன்டெனா நீட்டியிருந்தாலே ட்ரூ டைவர்சிட்டி ஆகிவிடாது. உள்ளே இரண்டு தனி ரிசீவர் இருந்து, எது நன்றாக வருகிறதோ அதை எடுத்தால்தான் ட்ரூ டைவர்சிட்டி. ஒரே ரிசீவரில் ஆன்டெனாவை மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிற சாதனமும் உண்டு. சில மலிவுப் பெட்டியில் ஒரு ஆன்டெனா அழகுக்கு.

ஆரல்வாய்மொழி காற்று:
புதிதாகச் சேர்ந்தேன். எங்கள் வாலிபர் குழுவுக்கு இரண்டு மைக் வாங்க வேண்டும், பட்ஜெட் சின்னது. எங்கள் ஊரில் காற்று தெரியும்தானே, முப்பந்தல் காற்றாடி பக்கம். வயர்லெஸ் மைக்கில் காற்று இரைச்சல் கூடுமா? ஃபோம் போட்டால் போதுமா?

தக்கலை எலக்ட்ரானிக்ஸ்:
காற்றுக்கும் வயர்லெஸுக்கும் சம்பந்தமில்லை, தலையில் இருக்கிற மைக்தான் விஷயம். ஃபோம் போடுங்கள், மிக்ஸரில் அடிச்சத்தத்தை வெட்டுகிற 'லோ கட்' பட்டனை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். யுஹெச்எஃப் இரண்டு மூன்று வாங்கினால் அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். 600, 601 இரண்டும் ஓடினால் கலந்து 599-லும் 602-லும் பேய் மாதிரி ஒன்று முளைக்கும். மூன்றாவது மைக்கைப் போய் 602-ல் வைத்தால் தொலைந்தது. கம்பெனி கொடுத்திருக்கிற குரூப், சேனல் படியே போங்கள்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
இதனால்தான் டிஜிட்டல் 2.4 என்கிறேன். அந்தக் கணக்கே வேண்டாம், ஆன் செய்தால் காலி இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். சத்தமும் சுத்தம். அனலாக் வயர்லெஸில் குரலை அமுக்கி அனுப்பி, அங்கே மறுபடி விரிப்பார்கள். அந்த மூச்சு வாங்குகிற சத்தம் ஸ வரும்போது காதில் விழும். கேட்கிற காது இருந்தால்.

வடசேரி மைக்செட்:
காதைப் பற்றி யார் பேசுவது! கீபோர்டில் சுருதியை ஒரு கட்டை ஏற்றி வைத்துவிட்டுப் பாடகரை முறைத்தவர். டிஜிட்டலில் தாமதம் உண்டு, அதைச் சொன்னாரா?

மார்த்தாண்டம் கீபோர்டு:
நாலு மில்லிசெகண்டு. சத்தம் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். ஆக மானிட்டரை ஒன்றரை மீட்டர்கூடத் தள்ளி வைக்காத அளவு. எந்தப் பாடகர் கண்டுபிடிப்பார்? உங்கள் மானிட்டர் எப்போதும் மேடையின் அடுத்த மூலையில்தான் கிடக்கும், அதற்கு எத்தனை மில்லிசெகண்டு என்று கணக்குப் போடுங்கள்.

வில்லு வீட்டுப் பிள்ளை:
வயரில் தாமதம் பூஜ்யம். சும்மா சொன்னேன்.

ஆரல்வாய்மொழி காற்று:
சரி, கடைசியில் எதை வாங்க?

வடசேரி மைக்செட்:
வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். வருஷத்துக்கு ரெண்டு மூணு நிகழ்ச்சிக்காக யாராவது வாங்குவார்களா? கடல்காற்றில் ஒரு மழைக்காலம் வெளியே வைத்தால் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பிடித்துவிடும்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
வாடகை. இப்போது புரிகிறதா எல்லாருக்கும், நூறு மீட்டர் மேல் அண்ணாச்சிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று.

வடசேரி மைக்செட்:
கோபம் பொய் மேல். நூறு மீட்டர் என்று சொல்லி ஒரு கமிட்டியைச் செலவழிக்க வைக்கிறீர்கள். கொடை அன்றைக்கு நின்றுபோனால் ஓடி வருவது யாரிடம்? அர்த்தராத்திரி என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவீர்கள். தட்டியும் இருக்கிறீர்கள்.

மார்த்தாண்டம் கீபோர்டு:
பேட்டரிக்காகத் தட்டினோம். நீங்கள் கொடுத்த ரீசார்ஜபிள் செல்லைப் போட்டால் மூன்று கோடு காட்டிக்கொண்டே இருந்தது, திடீரென்று செத்துவிட்டது.

தக்கலை எலக்ட்ரானிக்ஸ்:
ரீசார்ஜபிள் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. ரீசார்ஜபிள் கடைசிவரை வோல்டேஜைக் குறைக்காமல் வந்து சடாரென்று விழும். அல்கலைனுக்கு வைத்த காட்டியை நம்பக் கூடாது. நிகழ்ச்சிக்கு முன்னால் முழுசாகச் சார்ஜ் செய்து, இடைவேளையில் மாற்றிவிட வேண்டியதுதான்.

வடசேரி மைக்செட்:
செல் நல்ல செல். மத்தியானத்திலிருந்து மைக்கை அணைக்காமல் வைத்தால் எந்த செல் நிற்கும்? அதோடு அந்த எட்டு செல்லில் ஐந்துதான் திரும்பி வந்தது.

மார்த்தாண்டம் கீபோர்டு:
எட்டும் கொடுத்தாயிற்று. டப்பாவோடு உங்கள் பையனிடம் கொடுத்தேன், டெம்போவில் ஏற்றும்போது. அவனிடம் கேளுங்கள்.

வடசேரி மைக்செட்:
கேட்டுவிட்டேன். டப்பா வந்தது என்கிறான், உள்ளே ஐந்து. ஒரு எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளும் காணவில்லை, அதை நான் இதுவரைக்கும் சொல்லவில்லை.

வில்லு வீட்டுப் பிள்ளை:
கேபிள் எங்கள் செட்டோடு கலந்து வந்திருக்கலாம். நீலக் கலரா?

வடசேரி மைக்செட்:
கறுப்பு. நீலம் வேறு ஒன்று, அது போன வருஷக் கணக்கு.