விடியும்வரை கனல் நிற்க என்ன செய்யலாம்?

குழுவினருக்கு வணக்கம். தேவிகுளத்தில் வசிக்கிறோம், ஜனவரி இரவுகளில் மூணாறு வட்டாரத்தில் புல்வெளி உறைபனியில் வெளுத்துவிடுவதை அறிவீர்கள். அம்மாவின் மூட்டுவலிக்காகப் பழைய இரும்புக் கணப்படுப்பு ஒன்றை வாங்கிக் கூடத்தில் பொருத்தியிருக்கிறேன். இரவு 10 மணிக்கு விறகை நிறைய அடுக்கிக் காற்றுத் திறப்பைப் பாதி மூடினால், 2 மணிக்கெல்லாம் சாம்பல்தான் மிஞ்சுகிறது. முழுவதும் மூடினாலோ, விறகு எரியாமல் புகைந்து, தீப்பற்றக்கூடிய தார் புகைபோக்கியின் உட்புறத்தில் படிகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு அஞ்சி ஜன்னலையும் சற்றுத் திறந்தே வைக்கிறேன். (இது வீட்டைச் சூடாக்கவா, குளிர வைக்கவா என்று என் மனைவி கேட்கிறார், நியாயமான கேள்விதான்.)

விறகு, வெட்டி நான்கு மாதமே ஆன கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை மரம்). ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது தெரிந்தாலும், இங்குள்ள மூடுபனியில் அது எளிதில் காய்வதில்லை. தவிர, அடுப்பின் கதவிடுக்கில் வைத்து மூடிய காகிதம் இழுத்தவுடன் வந்துவிடுவதால், கதவு விளிம்பில் இடைவெளியை அடைக்கும் கயிறு இற்று, அவ்வழியே காற்று புகுகிறது என்றே நினைக்கிறேன். அக்கயிற்றை முதலில் மாற்றுவதா, அல்லது கனலைப் பின்பக்கம் குவித்து, பிளக்காத பெருங்கட்டைகளை நெருக்கமாக அடுக்கிப் பார்ப்பதா? வெப்பம் தாங்கும் கயிறு அடிமாலியிலோ போடியிலோ கிடைக்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.