புதுப்பிப்பு: சில காலைகளில் உயிர் வராத கணினி, காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேனே, காலையில் பவர் பட்டனை அழுத்தினால் சில நாள் ஃபேன்கூடச் சுற்றாது, ஏழெட்டு முறை அழுத்தியபின் ஓடும், ஓடிவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை என்று. அந்தக் கதை முடிந்தது.

அதைப் படித்த சிலர் ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை) கழற்றி மாட்டச் சொன்னார்கள், செய்தேன், பலன் இல்லை. அடுத்து பட்டன் மேல் சந்தேகம். அதன் வயரை மதர்போர்டிலிருந்து (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) உருவிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டேன். அப்போதும் அசைவில்லை, ஆக பட்டன் நிரபராதி.

அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். கணினி அணைந்திருந்தாலும், அதற்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையின் ஊதா வயரில் (24 பின் கனெக்டரில் 9ஆவது; பட்டனை அழுத்தியதும் கணினியை எழுப்ப இந்த மின்சாரம்தான் வேண்டும்) 5 வோல்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும், 4.75க்குக் கீழே போகக் கூடாது. எனக்குக் காலையில் 4.3, பட்டனை அழுத்தினால் 3க்கும் கீழே சரிந்தது! பவர் சப்ளைக்கு ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினேன் (சிரிக்காதீர்கள்), 4.9க்கு ஏறி, உடனே ஓடியது. பவர் சப்ளைக்குள் கெட்டுப்போன கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) குளிரில் இன்னும் மோசமாகும், சூடானால் கொஞ்சம் தேறும், அதனால்தான் காலையில் மட்டும் இந்த அடம்.

பவர் சப்ளையைத் திறக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். புதிதாக மாற்றிவிட்டேன். ஆறு நாளாக முதல் அழுத்தத்திலேயே ஓடுகிறது.